கலங்கல் அம்பர்

வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டாள் பெரியம்மாள். இனி யார் குறுக்கே விழுந்தாலும் அந்த மாடுகளை அவிழ்க்க விடமாட்டாள்.

போன வாரம் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று அவள் போட்ட கூப்பாடு உங்கள் காதில் இன்னும் இருக்கும். இந்த வாரம்தான் இந்த வீட்டு வாசலை மிதிக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொள்கிறேன்.

பெரியம்மாளின் கணவன் செங்கோட்டையனுக்கு ரங்கூனில் மரக்கிட்டங்கி ஒன்றில் மேஸ்திரி வேலை. எப்போதாவது கப்பலேறி வருவான். போன தடவை வந்தபோது ஒரு சரம் அம்பர் மணி கொண்டுவந்து, தன் கையாலேயே மனைவியின் கழுத்தில் கட்டினான். பளபளவென்று ஊடுருவித் தெரிகிற மணி இல்லை. வெளிச்சம் உள்ளே நுழையாத கலங்கல் மஞ்சள். வெண்ணெயை உருட்டிக் கோத்த மாதிரி இருக்கும். "வடக்கு பர்மா மலையில எனக்குன்னே தோண்டி, உன்ர கழுத்துக்குன்னே கடஞ்சது புள்ள" என்றான்.

செங்கோட்டையனுக்கு ரங்கூனில் இன்னொரு குடும்பம் இருக்கிறதென்று கோழிஞ்சாம்பாறைச் சந்தை வரைக்கும் பேச்சு. பெரியம்மாள் யாரோடும் அதைப் பற்றி வாய் கொடுத்ததில்லை. சரத்தை முந்தானைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்குள் ஒரு நடை நடந்து வருவாள், அவ்வளவுதான். ஊர் வாய்க்கு அவளிடம் இருந்த ஒரே பதில் அந்தச் சரம்.

அதை ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனாள் மயிலாத்தாள். கொழுந்தன் காளிச்சாமியின் மனைவி, மறையூர்ப் பெண், வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இரவல் போய் வந்த நகையை ஆமணக்கெண்ணெயில் முக்கி எடுக்காமல் அந்த வீட்டில் யாரும் மறுபடி போடுவதில்லை. அடுத்தவர் கண்ணேறு எண்ணெயோடு போய்விடும் என்பார்கள். தங்கத்தை இப்படி எத்தனையோ முறை முக்கி எடுத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆனதில்லை. பெரியம்மாளும் நூலை உருவிப் போட்டுவிட்டு, மணிகளை எண்ணெய்ச் சட்டியில் இட்டு, உமி அடுப்பின் மேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தொழுவத்தில் பசு, கன்று போட முடியாமல் கத்தியது. கன்று குறுக்கே கிடந்தது. அந்தக் கலவரத்தில் சட்டியை மறந்தே போனாள். உமி உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டு கிடந்து, மறுநாள் தானாக ஆறியது.

அதன் பிறகு கையை விட்டு எடுத்தால், வெண்ணெய் நிறத்தைக் காணோம். தேன் நிறத்தில், அந்தப் பக்கத்து விரல் இந்தப் பக்கம் தெரிகிற மணிகள் வந்தன.

"நான் போட்டது அம்பரு. இது கண்ணாடி. மாத்துனது ஆரு?"

வீட்டில் இருந்தது மூன்று பேர். பசுவோடு கிடந்தவர்கள் பெரியம்மாளும் காளிச்சாமியும். சட்டி இருந்த பக்கம் நடமாடியவள் மயிலாத்தாள் ஒருத்திதான். போதாததற்கு, அவளுடைய அண்ணன் நல்லதம்பி மறையூரிலிருந்து வெல்லம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்று காலையில்தான் வெறும் சாக்கோடு திரும்பிப் போயிருந்தான். வெறும் சாக்கு என்று யார் பார்த்தது? பெரியம்மாளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

இனி வண்டிக்கு வருவோம்.

"இன்னைக்குச் செவ்வாக்கெழமைங்க, நங்கை. நாளைக்குப் போலாமுங்களே" என்றான் காளிச்சாமி. அண்ணன் மனைவியை நங்கை என்பது அவர்கள் பக்கத்து வழக்கம்.

"கெட்டது நடந்தது என்ன நல்ல நாள் பாத்தா நடந்துச்சு? ஓட்டு."

"அதுக்கில்லீங்க. புதுநகரம் ரொம்பத் தொலைவு. சித்தூர்ல தட்டான் இருக்கறாரு. அவரே பாத்துச் சொல்லீருவாரு."

"தட்டானுக்குத் தங்கந்தான் தெரியும். மீரான்பிச்சை ராவுத்தரு ரங்கூன்ல கடை வெச்சிருந்தவரு. அம்பரு தெரிஞ்சவரு அவருதான்."

காளிச்சாமி மூக்கணாங்கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். அது சரியாகத்தான் இருந்தது. பெரியம்மாள் அதைக் கவனித்துக்கொண்டாள். பெண்டாட்டிக்காக நேரம் கடத்துகிறானா, இல்லை, இவனுக்கும் இதில் பங்கா? அண்ணன் அனுப்புகிறதில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன், அண்ணன் பெண்டாட்டி கழுத்திலேயே கை வைப்பானா? வைக்கலாம். அன்றைக்கு அவளுக்கு எல்லாரும் எதையும் செய்யக்கூடியவர்களாகத்தான் தெரிந்தார்கள்.

மயிலாத்தாள் ஒரு துணிமூட்டையோடு வந்து வண்டியில் ஏறினாள்.

"அது என்ன மூட்டை?"

"என்ர சீலைதானுங்க்கா. மணி பொய்யின்னு ராவுத்தரு சொன்னா அப்படியே கோவாலபுரம் வழியா மறையூருக்குக் கூட்டீட்டுப் போயி உட்ரச் சொன்னீங்கல்ல. மறுக்கா ஊட்டுக்கு வந்து எடுக்கறது எதுக்குங்க?"

ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை அவளிடம். அதுதான் பெரியம்மாளை அரித்தது. தப்புச் செய்யாதவள் என்றால் மண்ணை வாரித் தூற்றியிருக்க வேண்டாமா? இப்படிக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே! வண்டி குலுங்கியபோதெல்லாம் காலை நகர்த்துகிற மாதிரி நகர்த்தி, மூட்டையைக் கால் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள் பெரியம்மாள். துணிதான். ஒரு இடத்தில் மட்டும் ஏதோ கெட்டியாக இடித்தது.

"அது சீப்புங்க" என்றாள் மயிலாத்தாள், வெளியே பார்த்தபடியே.

பெரியம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அவள்மேல் கோபம் வந்தது.

புதுநகரத்தில் ராவுத்தர் கடை பள்ளிவாசல் தெருவில் இருந்தது. அத்தர், சாம்பிராணி, ஜெபமாலை விற்கிற கடை. எழுபதைத் தாண்டிய மனிதர். கண்ணில் லேசாகப் பூ விழுந்திருந்தது. அம்பரைப் பார்ப்பது விரலால்தான் என்று சொல்லிக்கொண்டார். பெரியம்மாள் சரத்தை எடுத்துப் பலகையில் வைத்தாள். வைத்த கை அதைவிட்டு விலகவில்லை. இவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டுவிட்டால்?

"கையை எடு அம்மிணி. இதைத் தின்னு பசியாற முடியாது."

அவள் எடுத்தாள்.

"நான் தண்ணியில போட்டுப் பாத்துட்டனுங்க. முழுகிப் போச்சு. கண்ணாடிதானுங்களே?"

"நல்ல தண்ணியில அம்பரும் முழுகும்." ராவுத்தர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார். இனி கரையாது என்று உப்பு அடியில் தங்கும்வரை விடவில்லை. பிறகு தன் கடையிலிருந்தே ஒரு கண்ணாடி மணியை எடுத்து உள்ளே போட்டார். அது நேரே அடிக்குப் போய்ச் சேர்ந்தது. சரத்தின் முடிச்சை அவிழ்த்து ஒரு மணியை உருவி அதையும் போட்டார்.

போன மணி திரும்பி மேலே வந்து மிதந்தது.

பெரியம்மாள் அதை விரலால் அமுக்கினாள். விட்டதும் மறுபடி வந்தது. "உப்புத் தண்ணியில எதுவும் மெதக்குமுங்க" என்றாள்.

"அப்ப அந்தக் கண்ணாடி ஏன் மெதக்கல?"

ராவுத்தர் மிதந்த மணியைத் துடைத்து, தோளில் கிடந்த கம்பளிச் சால்வையில் சூடு பறக்கத் தேய்த்தார். பலகையில் சிந்திக் கிடந்த வைக்கோல் துணுக்குகளுக்கு மேலே காட்டினார். துணுக்குகள் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டன.

"சீமையிலிருந்து போலி வராமலில்லை. பாலைக் கெட்டியாக்கிச் செய்யறான். ஊசியைக் காய்ச்சி வெச்சாப் பால் கருகுன நாத்தம் அடிக்கும். சீப்புச் செய்யற சரக்குலயும் செய்யறான். அது கற்பூரமா மணக்கும்."

"அப்ப ஊசி வெச்சுப் பாருங்க." இதுவரை வாயே திறக்காமல் கதவோரம் நின்ற மயிலாத்தாள் சொன்னாள். "ஒண்ணு உடாம எல்லாம் பாத்துருங்க. நாளைக்கு அதைப் பாக்கல இதைப் பாக்கலன்னு பேச்சு வரக்கூடாது."

ஊசி காய்ந்தது. மணியின் துளையோரத்தில் ராவுத்தர் அதை லேசாகத் தொட்டு எடுத்தார். மெல்லிசாக ஒரு புகை. பாலும் இல்லை, கற்பூரமும் இல்லை. காட்டு மரத்தின் பிசின் எரிகிற வாசனை கடை முழுக்க வந்தது.

"மரத்துப் பிசின்தான் இது. மனுஷன் பொறக்கறதுக்கு எத்தனையோ யுகம் முன்னால எங்கியோ ஒரு காட்டு மரத்துல வடிஞ்சு, மண்ணுக்குள்ள போயி இறுகுனது. கல்லாட்டம் இருக்கும், ஆனாக் கல்லில்ல. அதனாலதான் கையில வெச்சாக் குளிராது. நீ தொட்டுப் பாத்திருப்பியே அம்மிணி, கண்ணாடி மாதிரியா சில்லுன்னு இருந்துச்சு?"

இருக்கவில்லை. சட்டியிலிருந்து எடுத்த அன்றே, வெதுவெதுவென்று இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. எண்ணெய்ச் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"சரிங்க, அம்பருன்னே இருக்கட்டும்" என்றாள் பெரியம்மாள். "என்ர அம்பரு இல்லியே! என்ரது கலங்கலா வெண்ணெயாட்டம் இருந்துச்சு. ஒசந்ததை எடுத்துட்டு மட்டமானதைப் போட்டிருக்கறாங்க."

ராவுத்தர் சிரித்தார். "சட்டியை எதுல காய்ச்சுனே?"

"உமியில."

"எம்புட்டு நேரம்?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"தண்ணிக்கு நெறமுண்டா? இல்ல. நுரை மட்டும் வெள்ளையா இருக்குதே, ஏன்? உள்ள காத்து. இந்த மணிக்குள்ளயும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத காத்துக்குமிழி கோடி கோடியாக் கெடக்கும். அதுதான் கலங்கல். இதை எண்ணெயில போட்டு மெல்ல மெல்லக் காய்ச்சு, மெல்ல ஆற உட்டா, எண்ணெய் உள்ள பூந்து குமிழியை அடைச்சிரும். வெளிச்சம் இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும். சீமையில வேணும்னே இப்படிச் செய்யற தொழிலே இருக்கு. நீ தெரியாமச் செஞ்சிருக்கே."

"நானா?"

"அடுப்புல வெச்சது ஆரு?"

பெரியம்மாள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கிழவருக்கு மயிலாத்தாள் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பாளோ? நல்லதம்பி போகிற வழியில் இங்கே வந்திருப்பானோ? மறையூருக்குப் போகிற வழி கிழக்கே, புதுநகரம் மேற்கே என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. சந்தேகம் அப்படிப் பழகிப் போயிருந்தது.

மயிலாத்தாள் பலகைக்கு வந்து மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சரத்தின் நடுவில் தொங்குகிற பெரிய மணிக்கு அடுத்ததை எடுத்து, பெரியம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைப் பாருங்க்கா."

அந்த மணி பாதி தேனாகவும் பாதி வெண்ணெயாகவும் இருந்தது. சட்டியில் எண்ணெய்க்கு மேலே நீட்டிக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். எண்ணெய் தொட்ட பக்கம் மட்டும் தெளிந்து, மீன்செதில் மாதிரி இரண்டு வட்டச் சில்லுகள் உள்ளே மின்னின. தொடாத பக்கம் அவளுடைய பழைய மணியாகவே, அவள் தினமும் தடவிப் பார்த்த அதே மஞ்சளாகவே இருந்தது.

இத்தனை நாளும் இந்தச் சரம் அவளிடம்தான் இருந்தது. ஒரு தரம் முழுசாகப் பார்த்திருந்தால் போதும். கண்ணாடி என்று முடிவு கட்டியவள் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

"திரும்பப் பழையபடி வருமுங்களா?"

"வராது. எங்க ஆளுங்க கலங்கலுக்குத்தான் உசிரை உடுவாங்க. தெளிஞ்சதுக்கு அம்புட்டு மவுசு இல்ல." ராவுத்தர் பெரிய மணியை எடுத்துக் கட்டைவிரலால் துளையைத் தடவினார். "இது எந்தூருச் சரக்குன்னு சொல்லி உன் புருஷன் வாங்குனாரு?"

"வடக்கு பர்மாங்க. அவியளே தோண்ட வெச்சு எடுத்தது."

"பர்மா அம்பரு நான் மூட்டை மூட்டையாப் பாத்திருக்கேன். செவப்போடி, கள்ளு வெல்லம் நெறத்துல இருக்கும். இந்த வெண்ணெய் நெறம் செர்மன் தேசத்துக் கடலோரத்துல ஒதுங்கறது. கப்பல்ல ரங்கூன் பஜாருக்கு வரும்." கட்டைவிரல் இன்னும் துளையைத் தடவிக்கொண்டே இருந்தது. "அதோட இது..."

"நேரமாச்சுங்க ராவுத்தரே" என்று எழுந்தான் காளிச்சாமி. "மாடு வெயில்ல நிக்குது. போலாமுங்க நங்கை."

ராவுத்தர் காளிச்சாமியின் குரல் வந்த பக்கம் ஒரு கணம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். பிறகு மணிகளை நூலில் கோத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மாடு வேப்பமர நிழலில்தான் நின்றது.

வண்டி திரும்பியது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெரியம்மாளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வாய் வரவில்லை. வயதில் சின்னவள், வீட்டுக்கு வந்தவள், அவளைத் திருடி என்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லியாயிற்று. அதை எந்த வார்த்தையால் திரும்ப அள்ளுவது? அதைவிட, ராவுத்தர் விழுங்கிவிட்ட அந்த மிச்சப் பேச்சு அவளைக் குடைந்தது. விற்றவன் தன் புருஷனை ஏமாற்றியிருப்பான், செர்மன் சரக்கைப் பர்மா என்று தலையில் கட்டியிருப்பான் என்று சொல்லிப் பார்த்தாள். மரக்கிட்டங்கி மேஸ்திரியை ஏமாற்றுவது அவ்வளவு லேசா? அவர்தான் நாலு பேரை ஏமாற்றுவார். இதை அவளே பெருமையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

ராவுத்தர் தடவிய பெரிய மணியை முடிச்சவிழ்த்து உருவி, வண்டிக்குள் சாய்ந்து விழுந்த வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

கலங்கலாக இருந்தவரை மணிக்குள் ஒன்றும் தெரிந்ததில்லை. இப்போது துளை முழுக்கத் தெரிந்தது. அது நேரான துளையாக இல்லை. இரண்டு முனையும் தேய்ந்து அகன்றிருந்தன. பல வருஷம் ஒரு கழுத்தில் கிடந்து, நூல் உரசி உரசித் தேய்ந்த தேய்மானம் அது. துளையின் நடுவே, தேயாத இடத்தில், இரண்டு இழைச் சிவப்புப் பட்டு நூல் அழுக்கோடு இறுகிப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

செங்கோட்டையன் கட்டிவிட்டது கறுப்பு நூல். அவள் மாற்றிக் கோத்ததும் கறுப்பு நூல்தான்.

கோழிஞ்சாம்பாறைப் பிரிவில் காளிச்சாமி வண்டியை மட்டுப்படுத்தினான். "ஊட்டுக்குத்தானுங்களே?"

"கோவாலபுரத்துக்கு ஓட்டுங்க" என்றாள் மயிலாத்தாள். மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுதான் ராவுத்தரு சொல்லிட்டாரே புள்ள..." என்றான் காளிச்சாமி.

"அவரு சொல்லிட்டாருங்க. உங்க ஊட்ல ஆரும் சொல்லலீங்களே. திருடின்னு சொன்ன ஊட்ல நான் எந்த மூஞ்சியோட சோறாக்கறது?"

நியாயம்தான். பெரியம்மாள் மணியை அவளிடம் நீட்டினாள்.

"மயிலு. உள்ள பாரு."

மயிலாத்தாள் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "இது நாம கோத்த நூலில்லீங்க்கா."

"இல்ல."

"யாரோ பொம்பள நெறைய வருஷம் போட்டிருந்தது."

"எனக்குத் தெரியும்."

"இப்பத்தானுங்க பாத்தீங்க?"

"அவிய கட்டுன அன்னிக்கே தெரியும் புள்ள. புதுசுன்னாரு. கழுத்துக்கிட்டக் கொண்டாந்தப்பவே வேற ஒருத்தி தலையெண்ணெய் வாசம் அடிச்சுது. கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாருன்னு பயம்."

இதை அவள் இதுநாள்வரை தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அவள் கூடவே வந்துகொண்டிருக்கிற எனக்கே இப்போதுதான் தெரியும்.

மயிலாத்தாளின் கண் முதல் தடவையாக நிறைந்தது. "அப்பறம் எதுக்குங்க்கா என்னையத் திருடின்னீங்க?"

"உன்னையச் சொன்னா நீ அழுவே. அவியளைச் சொன்னா நான்தான் அழோணும்."

சொல்லிவிட்டு அழுதாள். முகத்தை முந்தானையால் மூடவில்லை. சாலையில் போன பருத்தி வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான், அவள் கவலைப்படவில்லை. "உன்னையச் சொன்னது தப்பு. பெரிய தப்பு. ஊருக்குள்ள வந்து கேக்கச் சொன்னாலும் கேக்கறேன்" என்றாள்.

முன்னால் காளிச்சாமி அசையாமல் உட்கார்ந்திருந்தான். சாட்டை கையில் இருந்தது. மாட்டைத் தட்டவும் இல்லை, திரும்பவும் இல்லை. அவன் கழுத்து வேர்த்திருந்தது. செவ்வாய்க்கிழமை என்றது, சித்தூர்த் தட்டானிடம் போகலாம் என்றது, நிழலில் நின்ற மாட்டை வெயிலில் நிற்கிறது என்றது என்று ஒவ்வொன்றாகப் பெரியம்மாளுக்கு இப்போது புரிந்தது. அவன் காப்பாற்றப் பார்த்தது பெண்டாட்டியை இல்லை, அண்ணனை.

"தம்பி" என்றாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாகச் சாந்தமாக இருந்தது. "அவ பேரென்ன?"

காளிச்சாமி சாட்டைக் கயிற்றை விரலில் சுற்றினான்.

"பேரத் தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க, நங்கை?"

மயிலாத்தாள் மடியிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள். எழுந்து முன்னால் போய், புருஷன் கையிலிருந்த சாட்டையை வாங்கிக்கொண்டாள்.

"மாடு நிக்கட்டும்" என்றாள். "அக்கா கேக்கறாங்கல்ல. சொல்லுங்க."